ஈசல் பறக்கும் முன்னே

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். சொன்ன சொல் தவறாதவள் என்று தலை நிமிர்ந்து நடந்தேன். ஓர் இருளப் பெண்ணிடம் மட்டும் தவறினேன்.

மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்டபோது, மயிலாப்பூரிலிருந்த நாங்களும் ஒன்று வாங்கினோம். மனையின் மூலையில் ஆள் உயரக் கரையான் புற்று இருந்தது. பக்கத்தில் குடிசை போட்டிருந்த இருளப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள்.

"மொத மழைக்கு ஈசல் கெளம்பும்மா. பாதிய நாங்க புடிச்சுத் தின்னுவோம், பாதியப் பறக்க வுடுவோம். அதுங்க போய் வேற புத்து கட்டும். அதுவரைக்கும் இடிக்காத தாயி."

"இடிக்க மாட்டோம், போ" என்றேன்.

மழைக்கு முன்பே கடைக்கால் போட நல்ல நாள் அமைந்துவிட்டது. என் வீட்டுக்காரரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஈசலு வந்து உனுக்கு ஊடு கட்டித் தருமா?" என்று சிரித்தார். கொத்தனாரும் சிரித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். மண்வெட்டி விழுந்ததும், இறகு முளைத்து மழைக்குக் காத்திருந்த ஈசல்கள் மண்ணோடு நெளிந்தன. கோழிகள் வந்து கொத்தின.

அந்த வாரமே மழை பெய்தது. அவள் கூடையோடு வந்து, கடைக்கால் குழியில் நின்ற தண்ணீரைப் பார்த்தாள்.

"வேற புத்து இருக்குமே" என்றேன்.

"இங்க எல்லாமே மனையாப் பூட்ச்சேம்மா."

வெறுங்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள். பிறகு அவளை நான் பார்க்கவில்லை. முதல் மழையன்று விளக்கைச் சுற்றி ஓர் ஈசலாவது வருகிறதா என்று இன்றும் பார்க்கிறேன்.

பேத்தி, நான் எழுத்துக் கூட்டி எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டு. "இடிக்க மாட்டோம்" என்று நான் சொன்ன இடத்தைச் சத்தமாகப் படி.