மாடிக்கு வேலைக்குப் போகிறவள்

காலையில் தலை பின்னி, புடவை கட்டி, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு மாமியாரிடம் "போயிட்டு வரேன்" என்பேன். தெருமுனை வரை நடந்து, திரும்பி வந்து, பின்புறப் படிக்கட்டு வழியாக எங்கள் வீட்டு மாடி அறைக்கே ஏறுவேன். அங்கேதான் என் வேலை. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். பார்க்கட்டும். வீட்டில் இருக்கிற மருமகளை யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனவளைக் கூப்பிட முடியாது.

இந்தக் கூத்துக்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் மூடு வந்தால்தான் பென்சிலைத் தொடுவேன். அது வருவதற்குள் விருந்தாளி வந்துவிடுவார். இரண்டு புத்தகங்கள் தாமதமாயின. மூன்றாவதும் தள்ளிப்போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் நிதானமாகச் சொன்னார். மறுநாளே டிபன் டப்பாவைத் தூக்கிவிட்டேன்.

அந்த மூன்றாவது புத்தகத்தின் கடைசிப் படம் அன்று மதியத்துக்குள் போயாக வேண்டும். எங்கள் மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் பூ கட்டும் பெண். முகம் வந்துவிட்டது. வாழைநாரை இழுக்கும் விரல்கள்தான் கட்டை கட்டையாக நின்றன. அழித்தேன், போட்டேன், மறுபடி அழித்தேன்.

கீழே கேட் திறந்தது. கொள்ளேகாலிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்திருந்தார் அத்தை, மாமனாரின் தங்கை. எங்கள் குடும்பத்தில் வந்தவர்களை வாசலுக்கு வந்து "வாங்க" என்று கேட்காவிட்டால் தீர்ந்தது. என் ஓரகத்தி ஒரு தரம் தவறவிட்டாள். இன்றைக்கும் அவளுக்கு மரியாதை தெரியாதவள் என்ற பெயர்தான்.

"மருமவ எங்கீங்க அண்ணி, காணோமே?"

பென்சில் அப்படியே நின்றது. என் வேலையை மாமியார் ஒருநாளும் வேலை என்று சொன்னதில்லை. மேலே படம் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பார், குழந்தை விளையாடுகிறது என்கிற அதே தொனியில். இப்போதும் அதைத்தான் சொல்லப்போகிறார். ஒரு "வாங்க"தானே, இறங்கிவிடலாமா? ஆனால் அந்த ஒரு சொல் காபியாகும், காபி சமையலாகும். அத்தை மேல் கோபம், மாமியார் மேல் கோபம், எல்லாவற்றையும்விட அந்த விரல்கள் மேல் கோபம்.

"அவ வேலைக்குப் போயிருக்கறா. பொழுதோடதான் வருவா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அழ நேரமில்லை. மூடும் வரவில்லை. மறுபடி வரைந்தேன். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பூ கட்டத் தெரிந்த விரல்களாக இருந்தன. அனுப்பிவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது, பொழுது சாயும்வரை என்னால் கீழே இறங்க முடியாது. தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு, நாற்காலியை நகர்த்தக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தேன். வெயில் தாழ்ந்ததும் படியிறங்கி, தெருமுனைக்குப் போய்த் திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

"வாங்க அத்தை" என்றேன்.

மாமியார் எழுந்து வந்து, மகன் ஆபீஸிலிருந்து வந்தால் வாங்கிக்கொள்வது போல, என் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டார்.

"வேல முடிஞ்சுதா?" என்றார்.