சாவடியில் பாடிய அன்ரி

போர்க்காலத்தில் கொழும்பில், எங்கள் வெள்ளவத்தைத் தேவாலயத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஓர்கன் கட்சிக்குத் தலைவி, பாடகர் குழுவை நடத்திய அன்ரி. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் சங்கீதம் படிப்பித்துவிட்டு, கனடா விசாவுக்காகக் கொழும்பில் காத்திருந்தவர். ஞானப்பாட்டை நான்கு குரலில், மெதுவாக, அசையாமல் நின்று பாடவேண்டும் என்பார். மிருதங்கக் கட்சியில் ஒரே ஒரு ஆள்தான். வன்னியிலிருந்து வந்து ஹாட்வெயார் கடையொன்றில் வேலை செய்த அண்ணை. சபை முழுவதும் கைதட்டிக் கீர்த்தனை பாடினால்தான் அவருக்கு அது ஆராதனை.

"இதென்ன தம்பி, கலியாண வீடோ?" என்று அன்ரி கேட்பார்.

"ரீச்சர் பாடேக்க செத்தவீடு மாதிரிக் கிடக்கு. அதைத்தான் சமப்படுத்துறன்" என்பார் அண்ணை.

ஓர்கன் வாசித்தவள் நான். என் விரல்கள் அன்ரியின் கட்சி, தாளம் போடும் கால் அண்ணையின் கட்சி.

ஒரு நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முன் நகரின் மறுபக்கத்தில் கொட்டாஞ்சேனையில் கூட்டு ஆராதனை ஒன்று ஏற்பாடாகியிருந்தது. ஒத்திகைக்காகப் போதகர் எங்கள் மூவரையும் ஒரே வான் வண்டியில் அனுப்பிவிட்டார். வழியில் சோதனைச் சாவடி. அடையாள அட்டைகளைப் பார்த்து முடித்த சிப்பாய், துணிப்பையிலிருந்த மிருதங்கத்தைத் தட்டிப் பார்த்தான். இரண்டு பக்கமும் தோல். உள்ளே பார்க்க வழியில்லை. வெட்டிப் பார்க்கவேண்டும் என்றான் சிங்களத்தில். மூவரில் சிங்களம் தெரிந்தவள், கொழும்பிலேயே பிறந்த நான் மட்டும்தான். அண்ணைக்குச் சொன்னதும் அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஊரிலிருந்து அவர் காப்பாற்றிக் கொண்டுவந்த ஒரே சாமான் அது.

உள்ளே ஒன்றுமில்லை, வாசித்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்று கெஞ்சினேன். சிப்பாய் யோசித்தான்.

"ஹரி, கஹலா பென்னன்ன."

சரி, அடித்துக் காட்டு. அவ்வளவுதான் அவன் சொன்னது. ஆனால் அந்த நேரம் பார்த்து எனக்குள் ஒரு குரங்கு புகுந்துகொண்டது.

"அண்ணை, வாசிக்கட்டாம். அன்ரி, நீங்கள் பாடவேணுமாம்."

"நானோ? நடுறோட்டிலயோ?"

"ஓம் அன்ரி. பாட்டு இல்லாட்டி நம்பமாட்டானாம்."

அன்ரி கைப்பையை என்னிடம் தந்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பாடகர் குழுவில் நிற்பதுபோலவே நிமிர்ந்து நின்று ஒரு நத்தார்ப் பாட்டைத் தொடங்கினார். முதல் வரி தேர்போல நகர்ந்தது. தரையில் உட்கார்ந்திருந்த அண்ணை பயந்து பயந்து தட்டினார். இரண்டாம் வரியில் பயம் போய்விட்டது. மூன்றாம் வரியில் தாளம் ஓடத் தொடங்க, அன்ரியும் கூடவே ஓடவேண்டியதாயிற்று. அவருடைய வலது கை தொடையில் தட்டிக்கொண்டிருந்ததை நான் என் இரண்டு கண்ணாலும் கண்டேன். மணல்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து மற்றச் சிப்பாய்கள் எட்டிப் பார்த்தார்கள். எங்களை மறித்தவன் சிரித்துக்கொண்டே போகச் சொல்லிக் கையசைத்தான். அன்ரியோ மிச்சச் சரணத்தையும் பாடி முடித்து, ஆமென் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

"கடைசியில ஓடிப்போட்டீர், தம்பி."

"நீங்களும் பின்னால ஓடி வந்தனீங்கள்தானே, ரீச்சர்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்ரி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, அவன் சொன்னது மூண்டே மூண்டு சொல்லு. நீர் எங்களுக்கு எவ்வளவு நீளமாச் சொன்னனீர்?"

ஒப்புக்கொண்டேன். அண்ணை தொடையில் அடித்துச் சிரித்தார். அன்ரி கொட்டாஞ்சேனைத் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் நேரே அங்கிருந்த போதகரிடம் போய், ஆராதனையில் தனிப்பாட்டை இந்தப் பிள்ளை பாடுவாள் என்றும், அன்றைக்கு ஓர்கனில் தானே இருப்பதாகவும் அறிவித்தார். என் குரல் காகத்துக்கே வெட்கத்தைத் தரும் குரல் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆராதனை நாளன்று உட்காரும் வாங்குகள் எல்லாம் நிரம்பி, ஆட்கள் வாசல்வரை நின்றார்கள். அண்ணை வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, வேண்டுமென்றே, ஆமை வேகத்தில் வாசித்தார். உச்சத்தில் என் குரல் உடைந்தபோது முன்வாங்கில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அன்ரி ஓர்கனுக்குப் பின்னாலிருந்து, இன்னும் மூன்று சரணம் இருக்கிறது என்று எனக்கு விரல்களால் காட்டினார்.