ஒரு கட்டம் இறங்கிய கண்

"நாய்க்கு மாறுகண்ணா அண்ணா?" என்று பக்கத்து வீட்டு ஷகீலா கேட்டாலும் கேட்டாள்... எங்கள் வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். ஒரே ஒரு தையல் தப்பியிருந்தாலும் பிரித்துத் தைக்கச் சொல்லிவிடுவார். தைத்த பெண்கள் எவ்வளவு கெஞ்சினாலும் மனிதர் அசைய மாட்டார்.

கொஞ்ச நாள் முன்பு பைக்கிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டாம் நாளே என் சப்பாத்தி வட்டமாக இல்லை என்று கண்டுபிடித்தார். நான் என்ன செய்வேன்? ஷகீலாவிடம் ஓடினேன்.

அவள் கிராஸ் ஸ்டிட்ச் போடுகிறவள். விக்டோரியா ராணி காலத்து ஓவியம் ஒன்றிலிருந்து எடுத்த டிசைனைக் கொடுத்தாள். தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சிறுமி, தன்னைவிடப் பெரிய நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். சார்ட் முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி. துணியில் எண்ணி எண்ணித்தான் போட வேண்டும். நாயின் காதுக்கு மட்டும் ஒன்பது வகை பிரவுன் நூல்!

பொம்பளைங்க வேலை என்று சிரித்தவர், சாயங்காலமே ஊசியில் நூல் கோத்துவிட்டார். அப்புறம் நான்கு வாரம் வீடு நிம்மதி. காபி கொண்டுபோனால் கையை உயர்த்தி நிறுத்துவார் – எண்ணிக்கை விட்டுப்போய்விடுமாம். கம்பெனி ஆட்கள் பார்க்க வந்தால் மட்டும் நாயும் சிறுமியும் தலையணைக்கு அடியில் போய்விடுவார்கள்.

அப்போதுதான் ஷகீலா அந்தக் கேள்வியைக் கேட்டாள். எண்ணிப் பார்த்தால், வலது கண் ஒரு கட்டம் கீழே. அதைத் தொட்டு மூக்கு, வாய் எல்லாமே இறங்கியிருந்தது.

"ஒரு கட்டம்தானே அண்ணா, யாரு பாக்கப் போறாங்க? வுட்டுடுங்க" என்றாள். அவள் விட்டுவிடச் சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. சார்ட் தப்பு என்றார். டியூப்லைட் வெளிச்சம் போதாது என்றார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை, சின்னக் கத்தரியை வைத்துக்கொண்டு நாயின் முகத்தைத் தையல் தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பத்து நாள் உழைப்பு. பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் எத்தனை பேரை இந்த மாதிரி பிரிக்க வெச்சிருப்பேன் சுமதி?" என்றார், தலை நிமிராமல்.

பதில் சொல்ல எனக்கு ஆசைதான். வெட்டிய நூல்களை மட்டும் பொறுக்கினேன்.

குறை கண்டுபிடிக்கும் வேலையில் இருப்பவர்கள் எல்லோரையும் ஒரு மாதம் ஊசி நூலோடு உட்காரவைத்தால் என்ன? என்னைப் போலப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவர்களையும் சேர்த்துத்தான்...

கட்டுப் பிரித்து வேலைக்குப் போன பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து முடித்தார். ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியாயிற்று. போன வாரம் நாட்றம்பள்ளியிலிருந்து வந்த அவருடைய சித்தப்பா மகள், படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாருண்ணா இந்தப் பொண்ணு? ஃபாரின்லயா இருக்குது?" என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"பொறந்தது ஃபாரின்ம்மா... வளர்த்தது நான்தான்."