இடப்பக்கம் நான்கு விரல்

எங்கள் பழைய மொரிஸ் மைனர் காரில் டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு. நானும் என் கூட்டாளியும் போட்ட சட்டம் அது. அவன் வெளிநாடு போன பிறகு இடப்பக்கத்தில் நான்கு விரல் நுழைந்தது.

அவன் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்துக்காரன், அடுத்த வரிசை வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து, பெஞ்சில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டவன். பரீட்சை முடிந்ததும் நான் ஹட்டனில் கணினி வகுப்பு எடுக்கப் போனேன். அவன் அதே தெருவில் ஒரு கராஜில் சேர்ந்தான். எங்கள் தோட்டத்து ஆபீஸில் இருந்த பழைய கிளாக்கர் ஐயா கொழும்புக்குக் குடிபோனபோது, கொட்டகையில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்த காரைக் காட்டி, "ஓடுனா எடுத்துக்கோங்க தம்பி" என்று சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் அது ஓடியது.

ஓடியதும் எனக்கு அதைத் தாழ்த்த வேண்டும் என்று ஆசை வந்தது. போனில் பார்த்த படங்களெல்லாம் தரையோடு பதுங்கி நிற்கும் பழைய கார்கள். எங்களுடையது பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடையைக் கடக்கிற ஆள் மாதிரி நின்றது. வளைவில் திருப்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, பிறகுதான் திரும்பும். பாரம் கீழே இறங்கினால் சாய்வு குறையும், ஸ்டியரிங் சொன்ன சொல் கேட்கும் என்று நான் விளக்கினேன்.

"இது என்ன கொழும்பு ரோட்டா?" என்றான். "நம்ம தோட்டத்து ரோட்டுல ஒரு கல்லு போதும், வயித்தக் கிழிச்சிரும்."

"கொஞ்சம்தான் மச்சான்."

"கொஞ்சம்னா?"

டயருக்கு மேல் விட வேண்டிய இடைவெளிக்கு நான் ஒரு விரல் காட்டினேன். அவன் மூன்று காட்டினான். அப்படித்தான் இரண்டு வந்தது.

பின்பக்கம் சுலபம். பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்தால் உடம்பு கீழே இறங்கிவிடும். முன்பக்கம்தான் அழகு. அங்கே சுருள் ஸ்பிரிங் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக நீளமான உருக்குத் தண்டு. சக்கரம் மேலே ஏறும்போது அது முறுகிக்கொடுக்கும். தண்டின் வால் முனையில் உள்ள பிடியை எந்தத் துளையில் மாட்டுகிறோமோ, அதற்கேற்ப அந்த மூலை ஏறும் அல்லது இறங்கும். வலது வேறு, இடது வேறு. ஒன்றை மற்றொன்று கேட்காது.

காலியாக நிறுத்தி அளக்கலாம் என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஆள் இல்லாத வண்டி எந்த ரோட்டுலடா ஓடுது? ஏறி உக்காந்து அளந்தாத்தான் அளவு."

எனக்கு அது அவ்வளவு சரியாகப் பட்டது. இந்த மலையில் யாருடைய காரும் காலியாகப் போனதை நான் பார்த்ததில்லை. ஆனால் இடது சீட்டில் உட்கார வேண்டியவனும் அவன்தான், அடியில் படுத்துத் துளை மாற்ற வேண்டியவனும் அவன்தான். அவனுக்குப் பதிலாக ராகலைப் பக்கத்து உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கலாம் என்று முடிவானது. எத்தனை மூட்டை என்று தெரிய அவனை நிறுக்க வேண்டும். தோட்டத்தில் நல்ல தராசு ஒன்றுதான்: தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் தொங்குகிற தராசு.

மாலை நேரம், தூறல். கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நின்ற பெண்கள் நடுவே இவன் போய்க் கொக்கியைப் பிடித்துத் தொங்கினான். கூரைச் சட்டம் முனகியது.

"எறங்குடா மாடு! தராசு அந்துரும்!" என்று கணக்கப்பிள்ளை கத்தினார்.

மழை நாளில் கொழுந்து நனைந்திருந்தால், தண்ணீர்ப் பாரம் என்று எடையில் கழித்துத்தான் எழுதுவார்கள். அந்தக் கழிவுக்காக நாள் தவறாமல் வாதாடுகிற அவனுடைய அம்மா, வரிசையின் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "ஐயா, எம் மவனும் நனைஞ்சிருக்கான்! தண்ணிக்குக் கழிச்சிட்டு எழுதுங்க!"

மடுவமே சிரித்தது. கணக்கப்பிள்ளையும் சிரித்துவிட்டார். அவன் தொங்கியபடியே சிரித்ததில் முள் ஆடி, எடை நிற்கவே வெகுநேரம் ஆனது.

அவன் என்னைவிட நல்ல பாரம். அதனால் இடப்பக்கத் தண்டை வலதைவிட ஒரு துளை உயர்த்தி மாட்டினோம். பிறகு மூட்டைகளை இறக்கிவிட்டு அவனே ஏறி உட்கார்ந்தான். கார் மெதுவாகப் பெருமூச்சு விட்டு மட்டமாக நின்றது. ஓடிப்போய் விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டு. அந்தப் பக்கமும் இரண்டு.

தலவாக்கலை தாண்டி நானுஓயாப் பக்கம் ஏறுகிற வளைவுகளில் அன்று அந்தக் கார் போன போக்கை எப்படிச் சொல்ல? முன்பு படகு மாதிரி ஆடிய கார் இப்போது ரோட்டை ஒட்டிக்கொண்டது. திருப்பியதும் திரும்பியது, யோசிக்கவில்லை. எல்லாம் லாபம் என்று சொல்ல மாட்டேன். சக்கரம் மேலே ஏற இடம் குறைந்ததால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் வந்து இடித்தது. தோட்டத்து முடக்கு வளைவில் உள்ள மதகுப் பாலத்தில் சைலன்சர் உரசியது. முன்விளக்கு கீழே பார்த்ததால் மூடுபனியில் சில முழம்தான் ரோடு தெரிந்தது. அவன் ஒவ்வொரு உரசலுக்கும் "ஒரு வெரல்னு சொன்னியே மகாராசா!" என்று கேலி செய்தான். ஆனால் வளைவு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, ஜன்னலில் கை வைத்து, கண்ணை மூடிக்கொள்வான். "பாரேன், தண்ணி மாதிரி போகுது" என்பான். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவன் வளைகுடாவில் ஒரு கிடங்குக்கு வேலைக்குப் போனான். எங்கள் வயதில் பாதிப் பேர் போனார்கள்.

தனியாக ஓட்டிய முதல் நாளே தெரிந்தது. என் பாரத்தில் வலப்பக்கம் தாழ, ஆளில்லாத இடப்பக்கம் எழும்பி, கார் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நின்றது. இடது வளைவுகளில் ஏற்கனவே சாய்ந்திருந்த பக்கமே இன்னும் சாய்ந்தது. தாழ்த்தியதன் பலன் பாதி போயிற்று. இடப்பக்கத் துளையை மாற்றினால் சரியாகிவிடும். ஒரு காலை வேலை. நான் மாற்றவில்லை. பதிலாக உருளைக்கிழங்கு மூட்டைகளை இடது சீட்டில் ஏற்றிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் ஹட்டனுக்குப் போக வந்த அவனுடைய அம்மா கதவைத் திறந்து பார்த்தார்.

"எம் மவனுக்குப் பதிலா கெழங்கா? அதுலயும் மொளை விட்டிருக்கு!"

பின் சீட்டில் ஏறிக்கொண்டார். வழி நெடுக அதைச் சொல்லிச் சிரித்தார். கடைசியில் சிரிப்பு நின்றுவிட்டது.

போனில் கூப்பிடும்போதெல்லாம் அவன் கேட்பான்: "எத்தன வெரல்?"

"நாலு."

"இருக்கட்டும். நான் வந்து உக்காந்தா சரியாயிரும்."

மாரியம்மன் திருவிழாவுக்கு லீவு கிடைத்து வந்தான். ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியவனை நான் முதலில் கவனிக்கவில்லை. கனத்த ஓர் உருவத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். முன்னால் வந்து நின்றவனுக்குக் கன்னம் ஒட்டியிருந்தது. சட்டை தோளில் தொங்கியது. கட்டிப்பிடித்தேன், கைகள் சுலபமாகச் சுற்றிக்கொண்டன.

இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தான். நான் பெட்டியை வைக்கிற சாக்கில் முன்னால் போய் விரல் வைத்தேன். மூன்றுக்கு மேல் நுழைந்தது.

"எத்தன?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"ரெண்டு."

அது பொய் என்று முதல் இடது வளைவிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

லயத்து வாசலில் அவனுடைய அம்மா அவன் தோளைத் தொட்டார், கையைத் தொட்டார், மறுபடி தோளைத் தொட்டார். "எங்க வச்சுடா நிறுத்தாங்க ஒன்னய?" என்றார். "இவ்வளவையும் கழிச்சிட்டுத்தான் அனுப்புவானுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை.

திருவிழா நாட்களில் தினமும் அந்த வளைவுகளுக்குப் போனோம். அவன் ஜன்னலில் கை வைத்துக் கண்ணை மூடினான். நான் கூடுமானவரை மெதுவாகத் திருப்பி, சாய்வு தெரியாமல் பார்த்துக்கொண்டேன். 'இங்கேயே இருந்துவிடேன்' என்று ஒவ்வொரு முடக்கிலும் வாய் வரை வந்தது. அவன் வீட்டுச் சோறு சாப்பிடட்டும், உடம்பு தேறட்டும், கார் தானாக மட்டமாகும், அப்போது கேட்கலாம் என்று நினைத்தேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலை, கொட்டகையில் ஜாக்கி போடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அடியில் அவன். கால்கள் மட்டும் வெளியே.

"என்னா செய்யிற?"

"எடது பக்கத்த எறக்குறேன்."

"வேணாம். நீ திரும்பி வந்தப்புறம் பாப்போம்."

ஸ்பானர் ஒரு நிமிடம் நின்றது. "இந்தத் தரம் போனா கொஞ்சம் கூடுதலா இருக்க வேண்டி வரும் மச்சான். மூடுபனியில இப்படிச் சாய்ச்சிக்கிட்டு ஓட்டாத. எனக்கு அங்க தூக்கம் வராது."

ஸ்பானர் மறுபடி சுழன்றது. ஜாக்கியை இறக்கிவிட்டு, கையைத் துடைத்தபடி வெளியே வந்தான்.

"ஏறு. நீ மட்டும்."

"நீயும் ஏறேன்."

"ஓட்டப்போறது நீதானடா. ஒன் பாரத்துக்குத்தான் பாக்கணும்."

ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடி வழியே அவன் குனிவது தெரிந்தது. வலப்பக்கம் பார்த்தான். சுற்றி வந்து இடப்பக்கம் பார்த்தான். அங்கே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான்.

"ரெண்டு," என்றான். "ரெண்டு பக்கமும் ரெண்டு."