ஏணிக் கம்பெனியின் பிறந்த தேதி

அலுவலகத்தில் அவளுக்கு விசாரணைக் கமிஷன் என்று பெயர். சுருக்கமாகக் கமிஷன். வைத்தவர் யாரென்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவரையும் விசாரித்திருப்பாள்.

வேலை அப்படி. ஊராருடைய இணையதளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் நிறுவனம் அது. மூன்றாவது மாடியில், ஏ.சி. நேராக உச்சந்தலையில் வீசுகிற மூலையில் புகார்ப் பிரிவு. வெயில் காலத்திலும் சால்வை போர்த்திக்கொண்டுதான் அங்கே உட்கார்ந்திருப்பாள். “இந்த முகவரியிலிருந்து எனக்குக் குப்பைக் கடிதமாக வந்து குவிகிறது”, “இந்த எண்ணிலிருந்து எவனோ என் கணினிக்குள் நுழையப் பார்க்கிறான்” என்று நாள் முழுக்கப் புகார் வரும். அந்த முகவரி யாருடையது என்று தேடிப் பிடித்து, உரியவருக்கு எழுதி, தொல்லையை நிறுத்த வைப்பது அவள் பொறுப்பு.

அதற்கு அவளுக்குப் படமும் பொத்தானும் உள்ள பக்கங்கள் ஆகாது. கருப்புத் திரையைத் திறந்து, ஹூஇஸ் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, தளத்தின் பெயரையோ ஒரு கணினியின் வலை முகவரியான ஐ.பி. எண்ணையோ தட்டுவாள். பதிவு விவரம் கடகடவென்று வந்து விழும். எப்போது பதிந்தார்கள், எப்போது காலாவதியாகும், தொல்லை என்றால் யாருக்கு எழுதுவது, எல்லாம் அதில் இருக்கும். ஒரு காலத்தில் உரிமையாளரின் பெயர், தெரு, தொலைபேசி எண் வரைக்கும் இருக்கும். இப்போது தளப் பெயர்களில் அதையெல்லாம் மறைத்துவிடுகிறார்கள். அதில் அவளுக்கு மகா வருத்தம். ஆனாலும் தேதி மட்டும் மிச்சமிருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

“ஆளுங்க பொய் சொல்லுவாங்க. தேதி சொல்லாது” என்பாள்.

அலுவலகத்தோடு விட்டாளா என்றால் இல்லை. மெத்தை வாங்குவதா, பல் டாக்டரிடம் போவதா, எதுவானாலும் முதலில் கருப்புத் திரை. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “பல்லு வலியில துடிச்சிட்டிருக்கேன். இவ டாக்டரோட வெப்சைட் பூர்வீகத்தைத் தோண்டிட்டிருக்கா.” ஆனால் சிரிக்கிற மனிதரே அவள் பேச்சைத் தட்டியதில்லை. பாதி விலையில் சோபா தருகிறேன் என்று ஒரு தளம் விளம்பரம் செய்தபோது, அது போன வாரம்தான் பிறந்தது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். அவள் எச்சரித்தும் கேட்காத பக்கத்து வீட்டுக்காரர் பணத்தைக் கட்டிவிட்டு இன்றுவரை தரையில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறார். அன்றிலிருந்து வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம்.

அந்தச் சட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுடைய தம்பியின் மேலேயே பாய்ந்தது.

தம்பி தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரக் கம்பெனி ஒன்றில் தொலைபேசியில் குறை கேட்கும் வேலையில் இருந்தான். இயந்திரம் ஒழுகினால் அவனைத்தான் திட்டுவார்கள், ஒழுகாவிட்டாலும் திட்டுவார்கள். திட்டு வாங்கிய நேரம் போக மிச்ச நேரத்தில் மாலை வகுப்புக்குப் போய்க் கணினி வலையமைப்புப் படித்திருந்தான். எந்த இடத்திலும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அன்றைக்கு அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காரும்போதே அவன் முகம் பூரித்திருந்தது.

“வேலை கெடைச்சிருச்சுக்கா. ஏணி செய்யிற கம்பெனி. அங்க இருக்கிற கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் நான்தான் பாத்துக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லச் சொல்லி மெயில் வந்திருக்கு.”

“ஏணிக்கு எதுக்குடா கம்ப்யூட்டர்?” என்றபடியே அவள் சாப்பாட்டுத் தட்டுகளை ஓரமாகத் தள்ளி மடிக்கணினியைத் திறந்துவிட்டாள். கம்பெனியின் தளத்தில் ‘முப்பது ஆண்டு அனுபவம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஹூஇஸ் தட்டினாள். பதிவு செய்த தேதி போன மாதம்.

“பாத்தியா? முப்பது வருஷக் கம்பெனிக்குப் பொறந்து ஒரு மாசம்தான் ஆகுது. பக்காத் திருட்டு.”

“நேர்ல போய்ப் பாத்துட்டுத்தானேக்கா வந்தேன். ஆளுங்க இருந்தாங்க. ஏணியெல்லாம் இருந்துச்சு.”

“வாடகைக்குப் பிடிச்சு வெச்சிருப்பாங்க.”

“ஏணியையா?” என்றார் கணவர்.

“நீங்க சும்மா இருங்க. டேய், நீ பாத்துட்டே இரு, நாளைக்கே பயிற்சிக்குப் பணம் கட்டு, சீருடைக்குக் கட்டுன்னு வருவாங்க. இருக்கிற வேலையையும் விட்டுட்டு நடுத்தெருவுல நிப்பே.”

தம்பி சண்டை போடவில்லை. சண்டை போடுகிறவனாக இருந்தால் இத்தனை வருஷம் அந்தத் தொலைபேசியில் உட்கார்ந்திருப்பானா? “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா” என்று சொல்லி, பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். திங்கட்கிழமை காலையில் வேண்டாம் என்று பதில் எழுதிப் போட்டுவிட்டு வழக்கம்போல ஷிப்டுக்குப் போனான்.

அவளாவது அத்துடன் விட்டிருக்கலாம். தம்பியை ஏமாற்றப் பார்த்தவனைச் சும்மா விடுவதா என்று செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் புகார் எழுத உட்கார்ந்தாள். முறையாகப் புகார் எழுத வேண்டுமென்றால் கடிதம் எந்த ஐ.பி. எண்ணிலிருந்து கிளம்பியது என்று தெரிய வேண்டும். தம்பியிடம் அந்த மெயிலை அப்படியே கேட்டு வாங்கியிருந்தாள். மெயிலோடு மறைந்து வருகிற தலைவரிகளைப் பிரித்துப் பார்த்து எண்ணை எடுத்தாள். எவனோ ஒருவன் வாடகைக்கு எடுத்த கணினியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பில் ஹூஇஸ் தட்டினாள்.

தளப் பெயர்களைப் போல ஐ.பி. எண்களில் விவரத்தை மறைப்பதில்லை; வந்து விழுந்தது ஏணிக் கம்பெனியின் பெயரேதான். அவர்கள் பெயரில் எட்டு ஐ.பி. எண்கள் கொண்ட சின்னத் தொகுதி ஒன்று பதிவாகியிருந்தது. தம்பி சொன்ன அதே தெரு. பதிந்த தேதியோ அவள் இந்த வேலையில் சேருவதற்குப் பல வருஷம் முன்னால்.

எண்ணைத் தப்பாக அடித்துவிட்டோமோ என்று இன்னொரு தடவை அடித்தாள். அதே பதில்.

அவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. தளப் பெயரைக் காலாவதிக்குள் புதுப்பிக்காமல் கோட்டைவிட்டால், சில வாரம் கழித்து அது பொதுவுக்கு வந்துவிடும். அதை மறுபடி பதிந்தால் புதுத் தேதிதான் விழும். பழைய சரித்திரம் அழிந்துபோகும். இதை வாடிக்கையாளர்களுக்கு வாய் வலிக்க வலிக்க எடுத்துச் சொல்லுகிறவளே அவள்தான். தம்பி விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி எங்கே போயிற்று? அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனது ஞாபகம் வந்தது. பதிவின் அடியில் இருந்த தொலைபேசி எண்ணை அழைத்தாள்.

எடுத்தது ஒரு பெண் குரல். பின்னால் உலோகம் அறுக்கிற சத்தம் காதைக் கிழித்தது.

“வணக்கம்மா. உங்க வெப்சைட் பேரு நடுவுல காலாவதியாகிப் போயிருந்துச்சா?”

“போனது உனக்கு எப்படித் தெரியும்? யாரு நீ? அதைத் தூக்கிட்டுப் போகப் பாத்தது நீதானா?”

“ஐயோ, இல்லீங்கம்மா. நான் புகார்ப் பிரிவுல இருக்கேன்.”

“யார் மேல புகார்? பறிகொடுத்தவ நான், என் மேலயா?” அந்த அம்மாள்தான் முதலாளி என்பது பேச்சிலேயே தெரிந்தது. கொட்ட ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. “புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலெல்லாம் வேலையை விட்டுப் போன ஆளோட பெட்டிக்குப் போயிருக்கு. யாரு பாத்தா? ஒருநாள் காலையில தளமும் இல்ல, மெயிலும் இல்ல. ஆர்டரையெல்லாம் போன்லயே கேட்டுக் கேட்டு என் காது போச்சு. பேரு வெளிய வந்ததும் எவனும் பிடிக்கறதுக்குள்ள நாங்களே பாய்ஞ்சு பிடிச்சோம். இனிமே இதுக்குன்னு ஒரு ஆளு வேணும்னு ஒரு பையனைப் பாத்து வெச்சேன். தங்கமான பையன். என்ன கோபமோ, நேத்து வரலைன்னு எழுதிட்டான்.”

அவள் சால்வையை எடுத்து நாற்காலியில் போட்டாள். திடீரென்று புழுங்கியது.

“அது என் தம்பிங்கம்மா. உங்க தளத்தோட தேதியைப் பாத்துட்டு, நீங்க ஏமாத்துற கம்பெனின்னு நான்தான் தடுத்தேன்.”

 உலோகம் அறுக்கிற சத்தத்தையும் மீறிக்கொண்டு ஒரு சிரிப்பு கேட்டது.

“முப்பது வருஷமா ஏணி விக்கிறேன். திருடின்னு பேரு வாங்கினது இதான் முதல் தடவை. சரி, இன்னொருத்தரை நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்கேன். உன் தம்பியை இன்னிக்கே எங்கிட்டப் பேசச் சொல்லு. புதுப்பிக்கிற தேதியை இனிமே அவன் பாத்துக்கட்டும், நீ அவனை வர விட்டாப் போதும்.”

இன்றைக்கே என்றால் எப்படி? ஷிப்டு முடியும்வரை தம்பியின் கைபேசி அலமாரியில் பூட்டிக் கிடக்கும். முடிந்து வெளியே வருவதற்குள் ஏணிக் கம்பெனியை மூடிவிடுவார்கள். அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு தண்ணீர் இயந்திரக் கம்பெனியின் குறைதீர்க்கும் எண்ணை அழைத்து, ஊரோடு ஊராக வரிசையில் காத்திருந்தாள். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று ஓர் இயந்திரக் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. பிறகு வந்த பெண்ணிடம் தம்பியின் பெயரைச் சொல்லி, அவர்தான் வேண்டும், அவர் இல்லாமல் வைக்கமாட்டேன் என்று அடம் பிடித்தாள். புகார் கொடுக்கிறவர்கள் எப்படியெல்லாம் அடம் பிடிப்பார்கள் என்பதை அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

“வணக்கம், தாமதத்துக்கு மன்னிக்கணும். உங்க குறை என்னன்னு சொல்லுங்க” என்றான் தம்பி, மனப்பாடமாக.

“குறை என் மேலதான்டா.”

“அக்கா?”

“ஏணிக் கம்பெனி நல்ல கம்பெனி. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். அந்தம்மா உனக்காகத்தான் காத்துட்டிருக்காங்க. பர்மிஷன் போட்டுட்டு வெளிய வந்து இப்பவே பேசு.”

அவன் பதில் சொல்வதற்குள் அவளே மறுபடி ஆரம்பித்தாள். 

“கேக்குதாடா? உங்கக்கா மேலதான் தப்பு.”

“கேக்குதுக்கா” என்றான் மெதுவாக. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாத குரல். “ஆனா இங்க பேசறதெல்லாம் பதிவாகுது.”

“ஆகட்டும்” என்றாள் கமிஷன். “இன்னிக்குத் தேதி போட்டு நல்லாப் பதியட்டும்.”