சீல் அண்ணனின் இசைத்தட்டுகள்

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவரை 'சீல் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். ஆறு வருடமாக ஒரு இசைத்தட்டு கிளப்பில் சந்தாதாரர். உலகத்திலேயே முந்நூறு பேருக்கு மட்டும் என்று எண் போட்ட தட்டு ஒன்று மாதாமாதம் வீடு தேடி வரும். என்னவோ இவரே பாடியது போலப் பெருமை வேறு! ஆனால் பிரிக்க மாட்டார். சீல் உடைந்தால் மதிப்புப் போய்விடுமாம். லென்ஸ் துணியால் உறையைத் துடைத்து அலமாரியில் அடுக்குவார். நாய் பெற்ற தெங்கம்பழம்தான். பாட்டைக் கேட்பதெல்லாம் கைபேசியில், அதுவும் ஓசியில்.

போன ஞாயிறு நான் அவர் வீட்டில் இருந்தபோது, அண்ணி பொறுமையிழந்து ஒரு உறையைக் கிழித்தே விட்டார். உள்ளே வட்டமாக வெட்டிய அட்டைதான் இருந்தது.

"மத்ததையும் பிரிச்சுப் பாருங்க," என்றார் அண்ணி.

"உனக்கென்ன பைத்தியமா? சீல் போயிடும்!"

"அப்போ கிளப்புக்காவது எழுதுங்க."

எழுதினார். உடனே பதில் வந்தது: பிரித்த உறைகள் குறித்த புகார்களை ஏற்பதில்லை.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? பிரிக்கக் கூடாதுன்னு அவங்களே சொல்றாங்க!"