லைற் அணைக்கிற உத்தியோகம்

கோட்டுப் பியோன் வேலை என்றால், தீர்ப்பு நீதிபதியினுடையது, திட்டு நம்முடையது. அரசாங்க மேசைகளுக்குப் பக்கத்தில் நின்றே கால் வீங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வன்னியில் ஒரு மேல் நீதிமன்றத்தில் இருபது வருடம் கோப்புச் சுமந்தேன். அங்கே மரண தண்டனை வாசிக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், விசிறி நிற்க வேண்டும், விளக்கு அணைய வேண்டும். நீதிபதி பேனாவை முறித்துவிட்டு உள்ளே போன பிறகுதான் வெளிச்சம். அந்தச் சுவிட்ச் என் பொறுப்பு. நாட்டில் ஒருவரையும் தூக்கில் போட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒருநாள் போட்டுவிட்டால் அதில் என் விரலுக்கும் பங்கு உண்டே என்ற பயம் கடைசிவரை விடவில்லை. அப்படியிருந்தும் பென்சன் எடுத்த பிறகு அந்த இடத்தை நினைத்து ஏங்குகிறேன், என்ன செய்ய!

மெயின் சுவிட்ச்

முதல் தடவை அணைக்கப் போனபோது, எந்தச் சுவிட்ச் எதற்கு என்று மறந்துபோய் மெயினையே இழுத்துவிட்டேன். விளக்கும் விசிறியும் போயின. கூடவே தட்டச்சுப் பிள்ளையின் கொம்பியூட்டரும் போனது. காலையிலிருந்து அடித்த பக்கமெல்லாம் அதோடு சரி. நீதிபதி உள்ளே போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள் பிறகு சொன்னாள்: "அண்ணை, தூக்கு அந்தாளுக்குத்தான், என்ர கொம்பியூட்டருக்கு இல்லை."

நானாவின் கடை

எதிரே ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடை. உள்ளே நடக்கிற வழக்கை அங்கே முதலே தீர்த்துவிடுவார்கள். அந்த உளுந்துவடையின் வாசம் இப்போதும் மூக்கில் நிற்கிறது. அலுகோசு வேலைக்கு, அதாவது தூக்குப் போடுவதற்கு, ஆள் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வந்த வாரம் கடையில் இருக்க இடமில்லை. "கயிறெல்லாம் பழைய முறை, ஊசி போட்டா நோகாதாம்" என்றார் ஒரு மருந்துக்கடைக்காரர். வயல் காணி வழக்குக்காக முரசுமோட்டையிலிருந்து வந்த கமக்காரர் மேசையில் அடித்தார்: "நோக வேணும்! சந்தியில வைச்சுத் தூக்க வேணும்!"

நானா விளம்பரத்தைக் கிழித்து அவர் முன்னால் வைத்தார். "விண்ணப்பத்தை நானே நிரப்பித் தாறன், நீங்க கையெழுத்தை மட்டும் போடுங்கோ" என்றார். கமக்காரர் மேசையில் அடித்த கையால் வடையை எடுத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "எனக்குக் கோழி வெட்டவே ஏலாது, நானா. வீட்டில மனிசிதான்."

கரண்ட் போன நாள்

மின்வெட்டுக் காலம். கொலை வழக்கில் ஒரு இளைஞனுக்குத் தீர்ப்பு. நீதிபதி வாசிக்கத் தொடங்கக் கரண்ட் போய்விட்டது. சத்தியமாக நான் சுவிட்சுக்குக் கிட்டவே இல்லை. ஆனால் இருட்டு என்றால் தூக்கு என்று எல்லோருக்கும் தெரியுமே. கூண்டில் நின்றவன் மயங்கி விழுந்தான், அவன் தமக்கை குளறி அழுதாள். தண்ணீர் தெளித்து எழுப்பி, கைபேசி வெளிச்சத்தில் மிச்சத்தை வாசித்தார்கள். விடுதலை! எனக்கே கண் கலங்கிவிட்டது. வெளியே போகும்போது அவன் என் கையைப் பிடித்துச் சொன்னான்: "அண்ணை, விடுதலை எண்டாலும் லைற்றைப் போட்டிட்டுச் சொல்லச் சொல்லுங்கோ."

இரண்டு தாய்மார்

கொலையுண்ட ஒரு பெடியனின் தாய் பதினொரு வருடம் ஒரு தவணையும் விடாமல் வந்தார். கொன்றவனுக்குத் தூக்குக் கிடைக்க வேண்டும் என்று வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். கொன்றவனின் தாயும் அதே மர வாங்கின் மறு நுனியில்தான் இருப்பார். இருவரும் ஒரு சொல் கதைத்ததில்லை. இருவருக்கும் தண்ணீர் கொடுத்தவன் நான்.

கடைசியில் தூக்கு என்றே தீர்ப்பானது. நான் அணைத்தேன். நீதிபதி வாசித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ விழும் சத்தம். ஒருவரும் அசையவில்லை, அசையவும் கூடாது. அப்போது ஒரு குரல் கேட்டது. அன்றைக்கு மட்டும் பேனா முறியுமுன்னே நான் சுவிட்சைப் போட்டேன். வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். நீதிபதி நிமிர்ந்து மட்டும் பார்த்தார். பதினொரு வருடம் தூக்குக் கேட்டு வந்த அந்தத் தாய்தான் கத்தியிருந்தார்: "தம்பி, லைற்றைப் போடுங்கோ! அவன்ர தாய் விழுந்திட்டா, ஆராவது பிடியுங்கோ!"

தூக்கு வேண்டுமா வேண்டாமா என்று இன்றைக்கும் என்னை மறித்துக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம், அணைக்கச் சொல்லிப் பல தரம் கட்டளை வந்தது, போடச் சொல்லி ஒரு தரம்தான் வந்தது என்பதுதான்.